இணைப்பு நெரிசல்: எந்த வரம்பை உயர்த்துவது, எதை இறக்குவது?

வெப் சர்வருக்கும் அதன் பின்னால் நிற்கும் அப்ளிகேஷன் சர்வருக்கும் இடையே இணைப்புகள் போதாமல் போனால், பெரும்பாலோரின் கை முதலில் ஏதோ ஓர் எண்ணை உயர்த்தத்தான் போகிறது. டாம்கேட் என்ற ஜாவா அப்ளிகேஷன் சர்வரின் 200 த்ரெட்கள் (ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலை இழைகள்) 400 ஆகின்றன. அப்பாச்சி வெப் சர்வரின் 400, 1000 ஆகிறது. அன்றைக்கு நெரிசல் அடங்கினாலும், அடுத்த முறை அதே 503 (‘சேவை இப்போது கிடைக்கவில்லை’ என்ற பிழை) பெரிய கூட்டத்தோடு வருகிறது. இம்முறை தரவுத்தளத்தையும் சேர்த்துக் கவிழ்க்கிறது.

கோரிக்கைகள் வந்து சேரும் வேகம் அவை முடியும் வேகத்தைத் தாண்டினால் எங்காவது ஓரிடத்தில் காத்திருப்பு சேர்ந்தே தீரும். அந்த இடம் எது என்று நாம் முடிவு செய்யாவிட்டால் மென்பொருளோடு வரும் இயல்பு மதிப்புகள் முடிவு செய்துவிடும். அவை முடிவு செய்யும் இடம் அநேகமாக மிக மோசமான இடமாக இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஓர் அளவுகோலால்தான் எடை போடுகிறேன். எடுத்துக்காட்டுகள் அப்பாச்சி, இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், டாம்கேட் ஆகியவற்றைச் சுற்றி வந்தாலும், வேறு இணைகளுக்கும் கணக்கு இதேதான்.

பாதையில் இருக்கும் எண்கள்

அப்பாச்சி 2.4-இன் ஈவென்ட் முறையில் இயல்பாக 16 துணைச் செயல்முறைகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றிலும் 25 த்ரெட்கள். ஆக ஒரே நேரத்தில் 400 கோரிக்கைகள். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முழுச் செயல்முறையை ஒதுக்கும் பழைய ப்ரீஃபோர்க் முறையில் இது 256. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு வொர்க்கருக்கும் (வேலைச் செயல்முறைக்கும்) இயல்பாக 512 இணைப்புகளைத் தருகிறது. ஆனால் பின்னால் அனுப்பப்படும் ஒவ்வொரு கோரிக்கையும் பயனர் பக்கம் ஒன்று, அப்ளிகேஷன் சர்வர் பக்கம் ஒன்று என அதில் இரண்டைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

டாம்கேட் 9-இல் மூன்று எண்கள் முக்கியம். வேலை செய்யும் த்ரெட்கள் 200. ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய இணைப்புகள் 8192. அதற்கும் மேல் வருபவை இயங்குதளத்தின் வரிசையில் நிற்க 100 இடங்கள். 200-க்கும் 8192-க்கும் இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தில்தான் பிரச்சினையின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்குக் கால் வினாடி ஆகிறது என்றால் 200 த்ரெட்கள் வினாடிக்கு 800 கோரிக்கைகளை முடிக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி சொல்வதும் இதுதான்: உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, அவை வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. இப்போது தரவுத்தளம் மந்தமாகி ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 200 த்ரெட்கள் வினாடிக்கு 100 கோரிக்கைகளைத்தான் முடிக்கும். ஆனால் டாம்கேட் கதவை மூடாது. 8192 இணைப்புகள் வரை ஏற்றுக்கொண்டே போகும். கடைசியாக உள்ளே வந்த கோரிக்கைக்கு முறை வர ஏறத்தாழ 82 வினாடி ஆகும். என்ஜின்எக்ஸ் பதிலுக்காக இயல்பாகக் காத்திருப்பதோ 60 வினாடி. அது பொறுமையிழந்து பயனருக்கு 504 (நேரம் கடந்தது என்ற பிழை) கொடுத்துவிட்டுப் போய்விடும். டாம்கேட்டுக்கு அது தெரியாது. முறை வந்ததும் அந்தக் கோரிக்கையையும் எடுத்து, தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தை உருவாக்கி, எழுதப்போகும்போதுதான் மறுமுனையில் யாரும் இல்லை என்று கண்டுகொள்ளும். யாருக்கும் போய்ச் சேராத பதில்களைத் தயாரிப்பதிலேயே சர்வர் முழுத்திறனையும் செலவழிக்கும் நிலை இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லா த்ரெட்களும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும்.

இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் எண்களை உயர்த்தும் ஆசை பாதி குறைந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

எந்தப் பிழை வருகிறது என்பதை வெப் சர்வரின் லாக்கில் (பதிவுக் கோப்பில்) சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் பிழை எண் 111 என்று எழுதினால் மறுபுறம் அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். வரம்பைப் பற்றிய பேச்சே தேவையில்லை, செயல்முறை இறந்துவிட்டதா என்று பாருங்கள். 110 என்றால் இணைப்புக்கோ பதிலுக்கோ காத்து நேரம் கடந்துவிட்டது. 99 என்றால் வெளியே போக போர்ட் எண்கள் தீர்ந்துவிட்டன. 24 என்றால் திறந்த கோப்புகளின் வரம்பு. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஆனாலும் பேச்சில் நான்கையும் ‘கனெக்‌ஷன் லிமிட்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

லினக்ஸில் காத்திருப்பு வரிசை நிரம்பினால் இணைப்பு மறுக்கப்படுவதில்லை, வழக்கமாகச் சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது. இணைக்க முயலும் பக்கம் 1 வினாடி கழித்துத்தான் மறுபடி தட்டும். ஆகவே எப்போதும் 50 மில்லிவினாடியில் பதில் வரும் இடத்தில் திடீரென 1 வினாடியைச் சற்றே தாண்டிய நேரங்கள் கொத்தாகத் தெரிந்தால் வரிசை வழிகிறது என்று சந்தேகிக்கலாம். எஸ்எஸ் கட்டளையில் கேட்கும் போர்ட்டுகளை மட்டும் பட்டியலிட்டால் இப்போது எத்தனை இணைப்புகள் வரிசையில் நிற்கின்றன, எத்தனை நிற்கலாம் என்பது அதன் வெளியீட்டில் அடுத்தடுத்த இரு நெடுவரிசைகளில் தெரியும்.

பிறகு அப்ளிகேஷன் சர்வரில் த்ரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்ற பட்டியல். ஒன்று போதாது, சில வினாடி இடைவெளியில் குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். வேலை த்ரெட்கள் எல்லாம் வரிசையிலிருந்து வேலை எடுக்கக் காத்து நின்றால் அவை சும்மா இருக்கின்றன. பிரச்சினை வெப் சர்வர் பக்கத்தில். இணைப்புத் தொகுப்பிலிருந்து (திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தள இணைப்புகளின் கூட்டத்திலிருந்து) ஒரு தரவுத்தள இணைப்பைப் பெறக் காத்து நின்றால் குற்றவாளி அந்தத் தொகுப்பு. வேறொரு சேவையின் பதிலை வாசிக்கும் நிலையிலேயே மூன்று டம்பிலும் நின்றால் அந்தச் சேவை. உண்மையிலேயே கணக்கிட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே செயலி போதவில்லை என்று சொல்லலாம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த நான்கில் எது என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

வெப் சர்வரின் வரம்பை உயர்த்துவது

அப்பாச்சியின் லாக்கே இந்த வழியைத் தூண்டுகிறது. மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் வரம்பை எட்டிவிட்டேன், அதை உயர்த்துவதைப் பரிசீலியுங்கள் என்று அதுவே எழுதுகிறது. அந்த அறிவுரையை அப்படியே ஏற்க வேண்டாம். நிலைப் பக்கத்தைத் திறந்து த்ரெட்கள் எந்த எழுத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ‘டபிள்யூ’ என்ற எழுத்தே நிரம்பியிருந்தால் பெரும்பாலும் எல்லாம் அப்ளிகேஷன் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. 400-ஐ 1000 ஆக்கினால் பின்னால் இன்னும் 600 கோரிக்கைகளை அனுப்பி நெரிசலை உள்ளே தள்ளுகிறீர்கள். ‘கே’ என்ற எழுத்து நிரம்பியிருந்தால், அதாவது பயனர்கள் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், அப்போது உயர்த்துவதற்குக் காரணம் உண்டு. அப்போதும் ப்ரீஃபோர்க்கிலிருந்து ஈவென்ட் முறைக்கு மாறுவதே நல்ல தீர்வு. அந்த முறை சும்மா இருக்கும் இணைப்புகளுக்கு த்ரெட்டைச் செலவழிப்பதில்லை.

அப்ளிகேஷன் சர்வரின் த்ரெட்களை உயர்த்துவது

இது சரியாக இருக்கும் சூழல் ஒன்று உண்டு: செயலி பாதிக்கும் மேல் ஓய்வாக இருக்கிறது, நினைவகம் மீதமிருக்கிறது, த்ரெட்கள் காத்திருப்பது இன்னும் அதிகச் சுமையைத் தாங்கக்கூடிய ஒரு வெளிச் சேவைக்காக. இந்த மூன்றும் சேர்ந்தால் 200-ஐ 400 ஆக்குங்கள், பலன் கிடைக்கும்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் த்ரெட்களுக்குப் பின்னால் அதைவிடச் சிறிய ஒரு வாசல் இருக்கிறது. ஜாவாவில் தரவுத்தள இணைப்புத் தொகுப்பை நடத்தும் ஹிகாரிசிபி இயல்பாக 10 தரவுத்தள இணைப்புகளைத்தான் வைத்திருக்கும். 200 த்ரெட்களும் தரவுத்தளத்தைத் தொட்டால் 10 வேலை செய்யும், 190 காத்திருக்கும். 400 ஆக்கினால் 390 காத்திருக்கும். 30 வினாடி கடந்ததும் அவை ஒவ்வொன்றாகப் பிழை எறியும். அப்படியானால் தொகுப்பைப் பெரிதாக்கலாமே என்றால், அதற்குப் பின்னால் தரவுத்தளத்தின் வரம்பு நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்க்யூஎல் 151-ஐயும் அனுமதிக்கின்றன. அவற்றையும் உயர்த்தலாம்தான். ஆனால் சில செயலிக் கோர்களே உள்ள ஒரு தரவுத்தள சர்வரில் நூற்றுக்கணக்கான வினவல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடினால் ஒவ்வொன்றும் மந்தமாகி மொத்த வேகமே குறையும்.

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இன் மெய்நிகர் த்ரெட்கள் இந்தப் பேச்சைக் கொஞ்சம் மாற்றியிருக்கின்றன. த்ரெட் மலிவாகிவிட்டது, ஆயிரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நல்ல முன்னேற்றம். ஆனால் 200 என்ற பழைய வரம்பு, யாரும் திட்டமிடாமலேயே, பின்னால் இருந்த தரவுத்தளத்துக்குக் காவலாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் வேறொரு காவலை நாமே அமைக்க வேண்டும். அதை அமைக்காமல் மாறுவதுதான் ஆபத்து.

காத்திருப்பு வரிசையை நீட்டுவது

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டாம்கேட்டின் அக்செப்ட்கவுண்ட்டை (மேலே சொன்ன 100 இட வரிசையின் அளவை) 100-லிருந்து 1000 ஆக்கினாலும், 8192 இணைப்புகள் நிரம்பிய பிறகுதான் அது வேலைக்கே வரும். மேலும் இந்த வரிசைக்கு இயங்குதளம் வைக்கும் உச்ச வரம்பான சோமேக்ஸ்கான் மதிப்பு சிறியதாக இருந்தால் அதுவே வெல்லும், லினக்ஸ் 5.4-க்கு முன் அதன் இயல்பு 128, அதன் பிறகு 4096. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எந்த லாக்கிலும் பதிவாகாமல், கோரிக்கைகள் நிற்கும் வரிசை இது. கணநேரக் கொந்தளிப்பைத் தாங்க மட்டும் உதவும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் நெரிசலுக்கு இதை நம்பக் கூடாது.

இணைப்புகளை மறுபயன்படுத்துவது

இதில் இரண்டு எதிரெதிர்க் கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து மூடினால், மூடிய இணைப்பின் போர்ட் எண்ணை லினக்ஸ் 60 வினாடிக்குப் பிடித்து வைக்கிறது. வெளியே போகக் கிடைக்கும் போர்ட்டுகள் இயல்பாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. ஆகவே ஒரே முகவரி, ஒரே போர்ட்டை நோக்கி வினாடிக்குச் சுமார் 470 புது இணைப்புகளுக்கு மேல் தொடர்ந்து போனால் தட்டுப்பாடு வந்துவிடும். பிழை எண் 99 இங்கிருந்துதான் பிறக்கிறது. அப்ளிகேஷன் சர்வரை வலுப்படுத்துவதால் இது தீராது. என்ஜின்எக்ஸ் நெடுங்காலமாகப் பின்பக்கம் எச்டிடிபி 1.0-ஐயே இயல்பாகப் பேசி, ஒவ்வொரு முறையும் இணைப்பை மூடி வந்திருக்கிறது. அத்தகைய பதிப்புகளில் 1.1-க்கு மாற்றி, கனெக்‌ஷன் தலைப்பைக் காலியாக்கி, பின்பக்க சர்வர்களை அறிவிக்கும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் கீப்அலைவ் (இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும்) எண் கொடுத்தால் இந்தக் கோளாறு அடியோடு போய்விடும். அந்த எண் ஒவ்வொரு வொர்க்கரும் சும்மா வைத்திருக்கும் இணைப்புகளின் அளவு மட்டுமே. மொத்த இணைப்புகளுக்கு அது வரம்பு போடாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

மறுபக்கம், டாம்கேட்டின் பழைய தடுப்பு முறை இணைப்பான்களில் சும்மா இருக்கும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு த்ரெட்டைப் பிடித்து வைத்திருந்தது. அப்பாச்சி 400 இணைப்புகளைத் திறந்து வைத்தால் 200 த்ரெட்களும் வேலையே இல்லாமல் தீர்ந்துபோகும். டாம்கேட் 8.5-இல் அந்த முறை நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதற்கு முந்தைய பதிப்பை ஓட்டுபவர்கள் வெப் சர்வர்கள் அனைத்தும் சேர்ந்து திறக்கக்கூடிய மொத்த இணைப்புகள் த்ரெட் எண்ணிக்கையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதைவிட, பதிப்பை மாற்றுவது நல்லது. வெப் சர்வரும் டாம்கேட்டும் பேசிக்கொள்ளும் தனி நெறிமுறையான ஏஜேபியின் இணைப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020-இல் வெளியான கோஸ்ட்கேட் பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு டாம்கேட் அதை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் எச்டிடிபியையே தேர்ந்தெடுக்கலாம்.

மறுபயன்பாட்டில் ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: சும்மா இருக்கும் இணைப்பை முதலில் கைவிடுவது முன்னால் இருக்கும் சர்வராக இருக்க வேண்டும். டாம்கேட்டோடு வரும் அமைப்புக் கோப்பில் அந்த நேரம் 20 வினாடி. என்ஜின்எக்ஸ் பின்பக்க இணைப்பை இயல்பாக 60 வினாடி வைத்திருக்கும். டாம்கேட் மூடிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் என்ஜின்எக்ஸ் அந்த இணைப்பில் கோரிக்கையை எழுதினால், காரணமே புரியாத ஒற்றை ஒற்றை 502-கள் (பின்பக்க சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) வரும். முன்பக்கத்தை 15 வினாடியாக இறக்குங்கள். அப்பாச்சியில் இதற்கு டிடிஎல் என்ற அமைப்பு இருக்கிறது.

வரம்பை முன்னால் வைப்பது

எனக்குச் சரியாகப் படும் வழி இது: டாம்கேட் தாங்கும் அளவைத் தாண்டி ஒரு கோரிக்கையையும் அதனிடம் அனுப்பாமல் முன்னாலேயே நிறுத்தி, குறுகிய காலம் காத்திருக்கச் செய்து, முடியாவிட்டால் விரைவாக 503 சொல்லிவிடுவது. 82 வினாடி காத்திருந்து தோற்பதைவிட 3 வினாடியில் ‘பிறகு வாருங்கள்’ என்ற பதில் பயனருக்கும் நல்லது, சர்வருக்கும் நல்லது. இதைச் செய்யும் திறனில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், கோரிக்கைகளைப் பின்னாலுள்ள சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் எச்ஏபிராக்சி ஆகிய மூன்றும் சமமல்ல.

அப்பாச்சியில் பின்பக்கத் தொகுப்பின் மேக்ஸ் மதிப்பு ஒவ்வொரு துணைச் செயல்முறைக்கும் தனித்தனி. 10 என்று எழுதினால் 16 செயல்முறைகளுக்கு 160 ஆகிறது. நான்கு அப்பாச்சி சர்வர்கள் இருந்தால் 640. ஒரு செயல்முறை நிரம்பி வழியும்போது பக்கத்துச் செயல்முறை காலியாக இருக்கலாம். அக்வயர் மதிப்பை மில்லிவினாடியில் கொடுத்தால் அவ்வளவு நேரம் மட்டும் காத்திருந்து 503 தரும். கொடுக்காமல் விடவே கூடாது. காத்திருக்கும் கோரிக்கை அப்பாச்சியின் ஒரு த்ரெட்டையும் பிடித்துக்கொண்டுதான் காத்திருக்கிறது என்பது இதன் குறை.

என்ஜின்எக்ஸில் மேக்ஸ்கான்ஸ் இருக்கிறது. பகிர்ந்த நினைவகப் பகுதியை ஸோன் என்று அறிவிக்காவிட்டால் அதுவும் வொர்க்கர் கணக்குதான்: 8 வொர்க்கர்களுக்கு 50 என்றால் 400. இலவசப் பதிப்பில் வரிசை இல்லை. வரம்பு நிரம்பினால் அந்தக் கணமே 502. அரை வினாடிக் கொந்தளிப்பைக்கூட அது பிழையாக மாற்றிவிடும்.

எச்ஏபிராக்சி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் மேக்ஸ்கான் கொடுத்தால் அதைத் தாண்டுபவை அதன் நினைவகத்தில், த்ரெட் எதையும் பிடிக்காமல், வரிசையில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத் தனியாகச் சொல்லலாம். ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அதன் முன்னால் எத்தனை இருந்தன என்பதும் லாக்கில் பதிவாகும். காத்திருக்கும் பயனர் விலகிப்போனால் அவர் கோரிக்கையை வரிசையிலிருந்தே தூக்கிவிடச் சொல்லும் அமைப்பும் உண்டு. இன்னோர் அடுக்கைப் பராமரிக்க வேண்டுமே என்ற தயக்கம் நியாயமானது. ஒரே வெப் சர்வர், ஒரே டாம்கேட் என்றால் அப்பாச்சியின் அக்வயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் தயங்காமல் எச்ஏபிராக்சியை முன்னால் நிறுத்துவேன்.

எண்ணை எப்படித் தேர்வது? த்ரெட்கள் 200 என்றால் முன்னால் 180 போதும். முன்னால் இரண்டு பிராக்சிகள் (கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் சர்வர்கள்) இருந்தால் ஆளுக்கு 90. மீதி 20-ஐ, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிராக்சி அடிக்கடி பார்க்கும் நலச் சோதனைக்கும் நிர்வாகத்துக்கும் ஒதுக்குகிறோம். நலச் சோதனை 200 கோரிக்கைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பதில் வராமல் போனால், உயிரோடு இருக்கும் சர்வரை இறந்ததாகக் கருதி அதன் சுமையைப் பிராக்சி மற்றவற்றின் மேல் கொட்டிவிடும். அடுத்தடுத்து எல்லாம் சாயும். அப்பாச்சியில் பின்பக்க சர்வர் ஒன்றே என்றால் ரீட்ரை மதிப்பையும் பார்க்க வேண்டும். இயல்பு 60 வினாடி. இணைப்பு ஒருமுறை தவறினால், டாம்கேட் அடுத்த நொடியே மீண்டாலும், அத்தனை நேரம் எல்லோருக்கும் 503 போகும். அதை 0 ஆக்கலாம். என்ஜின்எக்ஸ் ஒரே சர்வர் இருக்கும்போது இந்தத் தண்டனையைத் தானே தவிர்க்கிறது.

இன்னொரு சர்வரைச் சேர்ப்பது, அல்லது மந்தமானதைப் பிரிப்பது

த்ரெட் டம்பில் எல்லாம் உண்மையாகவே கணக்கிட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு அப்ளிகேஷன் சர்வர்தான் விடை. தரவுத்தளத்துக்காகக் காத்திருந்தால் அது விடை அல்ல. 10 சர்வர்கள் ஒவ்வொன்றும் 20 இணைப்புகளைத் திறந்தால் 200, போஸ்ட்கிரெஸின் 100-ஐத் தாண்டிவிட்டது.

பலரும் யோசிக்காத, ஆனால் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பயன்பாடுகளில் மந்தமாக இருப்பது எல்லாப் பக்கங்களும் அல்ல. ஆண்டறிக்கை தயாரிப்பது, பெரிய கோப்பை ஏற்றுமதி செய்வது, ஒரு வெளிச் சேவையை அழைப்பது என இரண்டு மூன்றுதான். அந்தப் பாதைகளுக்கு மட்டும் முன்பக்கத்தில் தனி பேக்எண்ட் (பின்பக்க இலக்கு) அறிவித்து, அதே டாம்கேட்டைச் சுட்டி, 20 என்று வரம்பு போடுங்கள், மற்றவற்றுக்கு 160. அறிக்கை கேட்பவர்கள் தங்களுக்குள் காத்திருப்பார்கள். உள்நுழைய வந்தவர் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. வெளிச் சேவையை அழைக்கும் நிரலில் நேர வரம்பு இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். ஜாவாவின் பழைய எச்டிடிபி வகுப்பு இயல்பாக முடிவின்றிக் காத்திருக்கும். அப்படி ஒரே ஓர் அழைப்பு போதும், மறுமுனை உறைந்துபோனால் 200 த்ரெட்களும் ஒவ்வொன்றாக அதில் சிக்கிக்கொள்ள.

ஆகவே என் தேர்வு வரிசை இது: நேர வரம்புகள், பிறகு மந்தமான பாதைகளைப் பிரிப்பது, பிறகு முன்னால் வரிசையோடு கூடிய வரம்பு. கூடவே டாம்கேட்டின் 8192-ஐ 300 அளவுக்கு இறக்கிவிடலாம், ஆனால் சும்மா இருக்கும் இணைப்புகளும் இதில் கணக்கு என்பதால் முன்பக்கம் வைத்திருக்கும் மொத்தத்தைவிடச் சற்று மேலே இருக்கட்டும். த்ரெட்களையும் தொகுப்பையும் உயர்த்துவது அதற்கும் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றாக, சுமைச் சோதனையோடு. அதன்பின் கவனிக்க வேண்டியது முன்பக்க வரிசையில் கோரிக்கைகள் நிற்கும் நேரம்: அது நெரிசல் வேளையில் மட்டும் எழுந்து அடங்கினால் அமைப்பு சரியாக இருக்கிறது, சாதாரண வேளையிலும் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் திறனைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது.